பிரதான வீதியில் ஒரு சவுக்கு

யாழ்ப்பாணக் கோட்டை முற்றவெளியில் இருந்து சுண்டுக்குளி நோக்கிப் போகும் பிரதான வீதியில், ஏறத்தாழ 120 வருடங்களுக்கு முன்பு, இரண்டு வெள்ளைக்காரர்கள் குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் வட மாகாண அரச அதிபர் பிரைஸ். மற்றவர் அவருடைய கச்சேரி உதவியாளர், இருபத்தைந்து இருபத்தாறு வயது இளைஞர். ஒரு கட்டடத்துக்கு முன்னால் இளைஞர் குதிரையை நிறுத்தித் திருப்பினார். கையில் இருந்த சவுக்கை நீட்டி அரச அதிபருக்கு எதையோ சுட்டிக் காட்டினார். பிறகு இருவரும் போய்விட்டார்கள்.

சில நாட்களில் கொழும்புக்குப் பெற்றிசம் போனது. நகரத்தின் அறியப்பட்ட சட்டத்தரணி ஹரி சந்திரசேகராவின் முகத்தில் கச்சேரி உதவியாளர் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்பது முறைப்பாடு. யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் அதை ஆளுநர் வரை கொண்டு போனது. அந்த இளைஞரின் பெயர் லெனாட் வூல்ஃப். எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் கணவர் என்றுதான் இன்று உலகம் அவரை முதலில் அடையாளம் சொல்லும். இலங்கையில் அவரைத் தெரிந்தவர்கள் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தைப் பற்றி அவர் எழுதிய நாவலைச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அவர் கழித்த இரண்டரை வருடங்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டிய காரணம் அந்தச் சவுக்கில் இருக்கிறது. அன்று அது சுட்டியது ஒரு வீதிப் பிரச்சினையை. ஊர் கண்டதோ அடியை.

வூல்ஃப் 1880 நவம்பர் 25 அன்று லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பன் சிட்னி வூல்ஃப் பெயர் பெற்ற வழக்கறிஞர். அவர் 1892 இல் இறந்தபோது வருமானமும் நின்றது. ஒன்பது பிள்ளைகளோடு தாய் பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குப் போனார். படிப்பில் கெட்டிக்காரனான லெனாட் புலமைப்பரிசிலில் படித்துக் கேம்பிரிஜ் ட்ரினிற்றிக் கல்லூரிக்குப் போனார். 1904 இல் சிவில் சேவைப் பரீட்சை எழுதினார். எதிர்பார்த்த இடம் கிடைக்கவில்லை. அந்தப் புள்ளிக்குக் கிடைத்தது இலங்கை. வாழ்க்கை எங்களூருக்கு அனுப்பிய ஆட்கள் பலர் இப்படித்தான் வந்தார்கள், முதல் விருப்பமாக அல்ல.

1904 டிசம்பரில் கொழும்பில் இறங்கினார். தொண்ணூறு பாகங்களில் வோல்டேயரின் நூல்கள், ஒரு நாய், இவ்வளவும் கூட வந்தன. புதுவருடம் பிறந்ததும் யாழ்ப்பாணத்துக்குப் போகச் சொன்னார்கள். அந்தப் பயணம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

வடக்குக்குப் புகையிரதம் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தவர்கள் பல வருடங்களாகப் பெற்றிசம் எழுதிக் கேட்டு வந்தார்கள். வேலை தொடங்கியபோது பாதை இரு முனைகளில் இருந்தும் வளர்ந்தது. குடாநாட்டுக்குள் 1902 இலேயே புகையிரதம் ஓடியது. தெற்கிலிருந்து வந்த பாதை அனுராதபுரத்தை அடைந்திருந்தது. நடுவில், அனுராதபுரத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையில், தண்டவாளம் இன்னும் பொருந்தவில்லை. அந்த இடைவெளியைக் கடக்க இருந்தது தபால் வண்டி. பெயர்தான் பெரிது. உண்மையில் அது ஒரு மாட்டு வண்டி. தபால் மூட்டைகளைக் கீழே அடுக்கி, பயணிகள் அவற்றின் மேல் படுத்துக்கொண்டு காட்டுக்குள்ளால் போக வேண்டும். கேம்பிரிஜ் பட்டதாரி அப்படித்தான் வன்னியைக் கடந்தார். ஆனையிறவில் இறங்கி மீண்டும் புகையிரதம் ஏறி யாழ்ப்பாணம் வந்தார். அவர் வந்த அதே வருடம் ஓகஸ்ட் மாதம் இரு பாதைகளும் இணைந்தன.

1990 இல் ஓட்டம் நின்று 2014 ஒக்டோபர் வரை யாழ்ப்பாணம் புகையிரதத்தைக் காணாதிருந்த தலைமுறைக்கு, ஏ9 வீதி 2002 இல் திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு, அனுராதபுரத்துக்கும் ஆனையிறவுக்கும் இடையிலான அந்த இடைவெளி புதிய கதை அல்ல.

வூல்ஃபுக்குக் கோட்டை மதிலோடு அமைந்த பங்களாவில் இடம் கிடைத்தது. சவுதோர்ன் என்ற இன்னொரு இளம் அதிகாரியோடு அங்கே இருந்தார். அந்தச் சவுதோர்ன் பின்னாளில் வூல்ஃபின் அக்காவையே மணந்தார். காலையில் எழுந்தால் கடல்நீரேரி. பகல் முழுக்கக் கச்சேரி. பின்னேரம் வெள்ளைக்காரர் கழகத்தில் ரெனிஸ். அவருக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அங்கேயே கலந்து கிடந்தன. நண்பர் லிற்றன் ஸ்ட்ராச்சிக்கு அவர் எழுதிய கடிதங்களில் வெயில், காய்ச்சல், சலிப்பு, சக வெள்ளைக்காரர்களின் சிறுமை எல்லாம் வருகின்றன. நெருப்புக் காய்ச்சல் வந்து யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலையிலும் கிடந்தார். எழும்பி வந்து தமிழ் படித்தார்.

அப்போது கச்சேரி என்றால் என்ன என்பதை இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். வரி, காணி, வீதி, சிறைச்சாலை, சுகாதாரம், முத்துக்குளிப்பு என்று எல்லாமே அந்த ஒரு கூரையின் கீழ். நகரத்துக்கு உள்ளூர்ச் சபை 1906 இல்தான் வந்தது. அதற்குத் தலைவரும் அரச அதிபரே. வீதியை எங்கே அகலமாக்குவது, எதை இடிப்பது, எவருக்கு ஒப்பந்தம் கொடுப்பது, இவையெல்லாம் குதிரையில் போய்வரும் இரண்டு பேரின் பேச்சில் முடிந்துவிடக் கூடிய காரியங்கள்.

ஆனால் அந்த வீதிகளுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? 1848 இல் வந்த வீதிச் சட்டம் பதினெட்டு வயதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு ஆண்மகனும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பதில் பணம் கட்ட வேண்டும் என்றது. சம்பளக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே அளவு. வூல்ஃப் கச்சேரியில் இருந்த காலத்திலும் அந்த வரி நடைமுறையில் இருந்தது. தோட்டத்துக்கு நீர் இறைத்துவிட்டு வந்து கல் உடைத்தவனுடைய வியர்வை அந்தப் பாதைகளில் இருந்தது. எந்தப் பாதை முதலில் என்று அவனிடம் எவரும் கேட்கவில்லை. கேட்கும் ஏற்பாடும் இல்லை. இருந்த ஒரே ஏற்பாடு பெற்றிசம். கச்சேரி வாசலில் பெற்றிசம் எழுதிக் கொடுப்பதே ஒரு தொழிலாக இருந்த ஊர் இது. அந்தப் பழக்கத்தைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எரிச்சலோடு பேசினார்கள். வேறு வாசல் ஒன்றும் திறந்திருக்கவில்லை என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

இனி அந்தச் சவுக்கு.

வூல்ஃப் தன் எண்பதாவது வயதில், 1961 இல் வெளியிட்ட சுயசரிதையின் இரண்டாம் பாகத்தில், அன்று நடந்ததை விளக்கியிருக்கிறார். வீட்டுக்காரர் ஒருவர் தன் விறாந்தையை வீதிக்குள் இறக்கிக் கட்டியிருந்தார். பொதுப் பாதையில் அத்துமீறல். அதை அரச அதிபருக்குக் காட்டவே குதிரையைத் திருப்பிச் சவுக்கை நீட்டினார். பின்னால் சட்டத்தரணி வந்தது தனக்குத் தெரியாது, அவரைத் தொடவும் இல்லை, தொட நினைக்கவும் இல்லை என்கிறார்.

அவர் சொன்னதை நம்பலாம் என்றே நினைக்கிறேன். காரணம், அதோடு நிறுத்தாமல் தனக்கு எதிராகவும் அவர் எழுதியிருக்கிறார். தான் அடிக்கவில்லை என்றாலும், அவர்களுடைய நகரத்தில், அவர்களுடைய பிரதான வீதியின் நடுவில், குதிரை மேல் இருந்துகொண்டு சவுக்கை நீட்டிய தன் தோரணையே அந்த ஊருக்கு முகத்தில் விழுந்த அடிக்குச் சமம் இல்லையா என்று கேட்டுக்கொள்கிறார். ஆளும் கூட்டத்தில் ஒருவனாகத் தான் இருப்பதன் அசிங்கம் தனக்கு உறைக்கத் தொடங்கியதில் அந்தப் பெற்றிசத்துக்குப் பங்கு உண்டு என்கிறார்.

ஆனால் ஊரின் சந்தேகமும் வெறுங்காற்றில் பிறந்ததல்ல. 1906 இல் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு வூல்ஃப் அனுப்பப்பட்டார். ஆயிரக்கணக்கான சுழியோடிகளும் வியாபாரிகளும் கடற்கரையில் குவிந்த இடம். ஒழுங்கைக் காக்க ஒரு சில அதிகாரிகள்தான். அங்கே கைத்தடியால் ஆட்களை அடித்து ஒழுங்குபடுத்தியதை ஒளிக்காமல் அவரே நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தடியைப் பாவிக்கத் தெரிந்த கை அது. பிரதான வீதியில் அந்தக் கை நீண்டபோது ஒரு சட்டத்தரணி என்ன நினைப்பார்?

என்னை இழுத்தது வேறொரு விடயம். அந்த விறாந்தை உண்மையிலேயே வீதிக்குள் வந்திருந்தால், அதைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு அதிகம்? அந்த வீதியால் தினமும் நடந்து போகிறவனுக்குத்தான். அவன் பக்கத்து நியாயத்தைத்தான் வூல்ஃபும் அன்று பார்த்தார். ஆனால் ஆங்கிலத்தில், மேலதிகாரியின் காதுக்கு மட்டும், குதிரையின் உயரத்தில் இருந்து. எது அத்துமீறல், எந்தக் கோடு வரைக்கும் வீதி, எவருடைய வீடு அடுத்ததாக இடிபடும் என்று கீழே நின்றவருக்குச் சொல்லும் பொறுப்பு எவருக்கும் இருக்கவில்லை. காரணம் தெரியாத இடத்தை அவமானம் நிரப்பியது. பெற்றிசம் மேலே போனது, விளக்கம் மேலே போனது, ஆளுநர் அதை ஏற்றுக்கொண்டார். விறாந்தையைப் பற்றிய உண்மைக் காரணம் அச்சில் வர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

கோப்பு விடயத்தில் வூல்ஃப் கண்டிப்பானவர். வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும் என்று கச்சேரி எழுதுவினைஞர்களை நெருக்கினார். அதனால் அவர்களின் வெறுப்பையும் சம்பாதித்தார். எந்த விடயத்தையும் அரைத் தாளுக்குள் எழுதி முடிக்கலாம் என்பதைப் பிரைஸிடம் கற்றார். பிரைஸ் சோம்பேறி என்றும் அவரே எழுதுகிறார். சோம்பேறிகளிடம் சுருக்கமாக எழுதப் பழகுவது நடக்கக் கூடியதுதான்.

1907 ஓகஸ்டில் கண்டிக்கு மாற்றம். ஒரு வருடத்தில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரச அதிபராகப் பதவி உயர்வு. அங்கே 1911 வரை இருந்தார். சைக்கிளிலும் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் அந்த மாவட்டத்தைச் சுற்றினார். உப்பு அள்ளுவது, மாட்டு நோய், குளங்கள், பாடசாலைகள், பாதைகள், எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதினார். அது விருப்பத்துக்கு எழுதிய நாட்குறிப்பு அல்ல. ஒவ்வொரு உதவி அரச அதிபரும் எழுதி மேலே அனுப்ப வேண்டிய அரசாங்கக் கடமை. எங்கே போனேன், எதைப் பார்த்தேன், எவர் வந்து முறையிட்டார், என்ன முடிவெடுத்தேன் என்று நாளாந்தம்.

நேர்மையாகச் சொன்னால், அந்த நாட்குறிப்புகளைப் படிக்கிறபோது பொறாமை வருகிறது. இன்றைக்கு ஒரு வீதியின் வேலையை யார் எப்போது வந்து பார்த்தார் என்று அந்த அளவு விவரத்தோடு எழுதிய பதிவு எங்கள் கையில் கிடைக்குமா? ஆனால் அந்தப் பதிவு யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்தால் பொறாமை குறைந்துவிடும். அம்பாந்தோட்டையில் இருந்து காலிக்கு, காலியில் இருந்து கொழும்புக்கு. கணக்கு எப்போதும் மேல் நோக்கியே ஓடியது. நாட்குறிப்பில் பெயர் வரும் கிராமத்தவன் அதைப் பார்த்ததே இல்லை. அவை அச்சாகி வெளியே வந்தது நாடு சுதந்திரம் அடைந்து பத்து வருடங்களுக்கும் பிறகு.

1911 இல் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் திரும்பவில்லை. 1912 இல் பதவியை விட்டார். அதே வருடம் ஓகஸ்டில் வேர்ஜினியாவை மணந்தார். 1913 இல் அந்தக் காட்டுக் கிராம நாவல் வந்தது. ஆளுகிறவன் எழுதிய கதையில் ஆளப்படுகிறவனே நடுவில் நின்றான். நீதிமன்றத்தில் நிற்கும் கிராமத்தவனுக்கு அங்கே பேசப்படும் மொழியும் புரியாது, தனக்கு எதிரான வழக்கும் புரியாது. எங்கள் பெற்றோரில் பலருக்கு அந்த இடத்தைப் படிக்க விளக்கவுரை தேவைப்படாது.

வேர்ஜினியாவின் நோயோடு போராடிய வருடங்கள், இருவருமாகத் தொடங்கிய ஹோகார்த் அச்சகம், 1941 மார்ச்சில் அவர் ஆற்றில் இறங்கி உயிரை விட்டது, இவை பற்றி நூல்கள் நிறைய உண்டு. இங்கே அவருடைய ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன். வூல்ஃப் கணக்கு எழுதுகிறவர். அச்சகத்தின் ஒவ்வொரு நூலுக்கும் செலவு, வரவு. வீட்டுச் செலவு. கார் வாங்கிய பிறகு எத்தனை மைல் ஓடியது என்பதும். சுயசரிதையில் தாங்கள் இருவரும் எந்த வருடம் எவ்வளவு சம்பாதித்தோம் என்று அட்டவணையாகவே போட்டுவிட்டார். மேலே மட்டும் கணக்குக் காட்டப் பழகிய கச்சேரிக்காரர், வயதான காலத்தில் காசு கொடுத்து நூல் வாங்கும் எவருக்கும் கணக்கைத் திறந்து காட்டினார்.

இலங்கையை அவர் விடவில்லை. 1915 இல் சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடக்கும் பெயரில் இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்த சுடுதல்களைப் பற்றிப் பகிரங்க விசாரணை வேண்டும் என்று ஈ. டபிள்யு. பெரேராவும் டி. பி. ஜயதிலகாவும் லண்டன் போனபோது அவர்களோடு நின்று குடியேற்ற அலுவலகத்தைத் தட்டினார். விசாரணை கிடைக்கவில்லை. விசாரணை கேட்டுக் கதவு தட்டுவதும் கிடைக்காமல் திரும்புவதும் இந்தத் தீவில் எவ்வளவு பழையது என்பதற்கு அது ஒரு குறிப்பு.

தொழிற்கட்சியின் குடியேற்ற விவகார ஆலோசனைக் குழுவுக்குப் பல வருடங்கள் செயலாளராக இருந்தார். 1938 இல் இலங்கை அரசியலமைப்புப் பற்றி அந்தக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினார். சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும், பெருமளவு அதிகாரப் பகிர்வையோ சுவிற்சர்லாந்து மாதிரியான சமஷ்டி முறையையோ ஆராய வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. தமிழ் அரசியலில் சமஷ்டி பேசப்படும் போதெல்லாம் இந்தக் குறிப்பை எடுத்துக் காட்டுவார்கள். அவர் எங்கள் பக்கம் என்று கொண்டாடுவதற்காக அதை எடுப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் மாறி மாறி வேலை செய்த ஒருவருக்கு, மூன்று ஊர்களின் வீதியையும் குளத்தையும் ஒரே கொழும்பு மேசையில் முடிவெடுப்பதன் கோளாறு கண்ணால் கண்டதாக இருந்திருக்கும். அந்தக் குறிப்பை அப்படிப் படிக்கவே விரும்புகிறேன்.

பழைய பூங்காவில் அரச அதிபர் வாசஸ்தலத்தின் சிதைந்த சுவர்களைப் பார்த்துவிட்டுப் பிரதான வீதியால் திரும்பியபோது இதை எழுதத் தோன்றியது. கோட்டை மதிலில் அவர் இருந்த பங்களாவின் சுவடு யுத்தத்தோடு போனது. கச்சேரி மாவட்டச் செயலகமாகிவிட்டது. குதிரையும் இல்லை. ஆனால் ஒரு வீதி ஏன் அகலமாகிறது, மற்றது ஏன் குழியாகவே கிடக்கிறது, காப்பற் போட்ட பாதையை மூன்றாம் மாதம் ஏன் கிண்டுகிறார்கள் என்று கேட்டால், மேலே இருந்து வந்த முடிவு என்ற பதில்தான் இப்போதும் வருகிறது. சில மாதங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தில் ஒரு வீதி வேலையின் மதிப்பீட்டுத் தொகையை நான் கேட்டபோது, அது எனக்கு எதற்கு என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

எனக்கு எதற்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டப்படி எனக்கு இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பிக்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. இது பலருக்குத் தெரியும். அதிகம் தெரியாதது ஒன்பதாம் பிரிவு. உள்நாட்டு நிதியில் ஐந்து லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம், வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டம் என்றால், வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும், பொறுப்பான அமைச்சர் அதை அறிவிக்க வேண்டும். அவசரத் திட்டம் என்றால் ஒரு வாரம் முன்பு. ஐந்து லட்சம் ரூபாவுக்குள் முடிகிற வீதி வேலை இன்று எத்தனை இருக்கும்? ஆக, ஊரில் நடக்கும் பெரும்பாலான வீதித் திருத்தங்கள் இந்தப் பிரிவுக்குள் வரும். எவருடைய மதில் இடிபடுமோ அவருக்கு மூன்று மாதம் முன்பு சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி எவராவது சொன்னார்களா?

2025 ஏப்ரலில் வசாவிளானுக்கும் பலாலிக்கும் இடையிலான வீதி முப்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு திறந்தபோது அதன் தொடக்கத்தில் ஒரு பலகை இருந்தது. பகலில் மட்டும், நிற்காமல், இறங்காமல், படம் எடுக்காமல் போக வேண்டும் என்ற நிபந்தனைகள். தங்கள் ஊர்ப் பாதையைப் பார்க்க வந்த முதியவர்கள் பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு போனார்கள். பலகை என்ன செய்யக் கூடாது என்று சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை.

வூல்ஃப் 1960 இல், எழுபத்தொன்பதாவது வயதில், இலங்கைக்குத் திரும்பி வந்தார். பயந்துகொண்டே வந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் போன இடமெல்லாம் வரவேற்பு. யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அம்பாந்தோட்டைப் பக்கத்தில் அவரைத் தேடி ஒரு முதியவர் வந்தார். வூல்ஃப் அங்கே ஆட்சி செய்த காலத்தில் அவர் ஒரு தலைமைக்காரர். மாட்டு நோய் பரவிய நேரத்தில் வூல்ஃப் அவருக்குப் பத்து ரூபா அபராதம் போட்டிருந்தார். ஐம்பது வருடம் கழித்து, மரியாதையை விடாமல், ஆனால் கோபத்தையும் விடாமல், அந்த அபராதம் நியாயமானதா என்று முதியவர் கேட்டார். நியாயமானது என்றே வூல்ஃப் சொன்னார். முதியவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்பதை விட அவர் கேட்க வந்தார் என்பதே அவர் மனதில் நின்றது போலும், தன் நூலில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்.

1969 ஓகஸ்ட் 14 அன்று, றொட்மெல் கிராமத்தில் அதே வீட்டில் இறந்தார். ஐந்து பாகச் சுயசரிதையின் கடைசிப் பாகம் அந்த வருடமே வெளிவந்தது.